ஜல்லி சொல்லும் சாட்சி

திருவண்ணாமலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ராஜகோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள்; ஆயிரங்கால் மண்டபத்தைப் பற்றி எழுதுவார்கள். காலுக்குக் கீழே கிடக்கும் ஜல்லியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறையை இன்று சற்றே தீர்த்து வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

வேலூர்ச் சாலை வழியாக வருகிறவர்கள் வேங்கிக்காலைக் கடந்துதான் கோவிலுக்குப் போக வேண்டும். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் இடம். ஏரியும் ஒன்று உண்டு. அப்பால் கோவிலில், 16-ம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய மண்டபத்தின் கருங்கல் தூண்கள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. கருங்கல்லையே உடைத்துத் தார் கலந்து போட்ட சாலை மட்டும் சில மழைக்காலங்களிலேயே பெயர்ந்து விடுகிறதே, அது ஏன்? "தார் மட்டம்" என்று நாம் தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். ஆனால் தார்ச் சாலையில் எடைக்கு எடை பார்த்தால், தார் நூற்றுக்கு ஐந்து பங்குதான். மிச்சமெல்லாம் கல்!

தாரே இல்லாமல் சாலை போட்டுக் காட்டியவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்தில் 1756-ல் பிறந்த ஜான் மெக்காடம். 1816-ல் பிரிஸ்டல் நகரத்துச் சாலைகள் அவர் பொறுப்பில் வந்தன. ஆறு அவுன்ஸுக்கு மேல் எடையுள்ள கல் எதுவும் சாலையில் இருக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. மூலையும் விளிம்புமாக உடைந்த சிறு கற்கள், வண்டிகள் போகப் போக ஒன்றையொன்று கவ்விக் கொள்ளும். அடியில் மண் மட்டும் நனையாமல் இருந்தால் போதும். நம் ஊர்க் கப்பி ரோட்டுக்கு அவரே பாட்டனார்.

பிறகு மோட்டார் வந்தது. ரப்பர்ச் சக்கரம் கல்லிடுக்கிலிருந்த தூளை வாரி இறைத்தது. புழுதியை அடக்கத் தார் வேண்டியிருந்தது. 1902-ல் இங்கிலாந்தில் எட்கர் ஹூலி என்ற எஞ்சினீயர், கசடுக் கல்லோடு தாரைக் கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவிலோ மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை ஜல்லியை மாவாக அரைத்துக் கொண்டிருந்தது. 1927-ல் ஜெயகர் கமிட்டி ஏற்பட்டது; 1934-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் பிறந்தது.

அப்புறம்தான் கல்லின் குணம் வெளிப்பட்டது. கிரானைட் போன்ற சிலிக்கா மிகுந்த கல், தாரைவிடத் தண்ணீரிடம் அதிகப் பிரியமுள்ளது. மழைநீர் உள்ளே புகுந்தால், கட்டிய தாரை உதறிவிட்டு நீரைத் தழுவிக் கொள்ளும்! சுண்ணாம்புக் கல் தாரை விடாது. ஆனால் வண்டிகள் ஓடி ஓடி வழவழப்பாகிச் சக்கரத்தை வழுக்க விடும். தட்டையான கல் பாரத்தில் முறியும். தூசு படிந்த கல்லிலோ தார் ஒட்டவே ஒட்டாது. ஆக, குறையில்லாத கல் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் கலவையில் சுண்ணாம்பு சேர்த்துப் பிடிப்பை உண்டாக்குகிறார்கள்.

இந்தச் சபலத்துக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் வேலி போட்டார். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், குப்பையில் போகும் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கிச் சுடச்சுட இருக்கும் ஜல்லியின் மேல் தூவினார். அது உருகிக் கல்லுக்குச் சட்டை மாட்டியது. அதற்கு மேல்தான் தார். தண்ணீர் கல்லைத் தொட முடியவில்லை. 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போட்டார். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது.

பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் பதினான்கு கிலோமீட்டர் மலையை வெறுங்காலுடன் வலம் வருகிறார்கள். சாலைக்கல்லின் யோக்கியதை அந்தப் பாதங்களுக்குத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டுமானால் ஒரு வழி சொல்கிறேன். மழை விட்டதும் சாலைக் குழியிலிருந்து ஒரு ஜல்லியை எடுத்துப் பாருங்கள். புதிதாக முறிந்திருந்தால் கல்லுக்கு வலுவில்லை. முறியாமலே, தார்ச் சுவடு இல்லாமல் கழுவி விட்டாற்போல் இருந்தால், தண்ணீர் ஜெயித்துவிட்டது. கான்ட்ராக்டரிடம் சண்டைக்குப் போகுமுன் அந்தக் கல்லின் சாட்சியத்தையும் கேட்டுக் கொள்வது நல்லது.