ட்ரெக்கிங் பேக் வாங்குறீங்களா? முதல்ல முதுகை அளங்க!

ஆறடி ஆளுக்குப் பெரிய ஃப்ரேம் என்று கடையில் எடுத்துக் கொடுத்தால் நம்பிடாதீங்க. ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நீளம் வேறாக இருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்க. அதுதான் உங்க சைஸ். ஃப்ரேம் குட்டையானால் பெல்ட் வயிற்றுக்கு ஏறிடும். இடுப்பு தாங்க வேண்டிய பாரம் தோளுக்குப் போகும். கீழ்முதுகு வளைவு அதிகமா? அலுமினியப் பட்டை வைத்த ஃப்ரேம் பாருங்க. பல மாடல்களில் அதை உருவி, முதுகுக்கு ஏற்ப வளைச்சுக்கலாம். மெஷ் முதுகு, காற்றோட்டத்துக்கு சூப்பர். ஆனா வளைவை மாத்துறது கஷ்டம். காலிப் பை எல்லாமே சுகமாத்தான் இருக்கும்! 8 கிலோவாவது போட்டு, பெல்ட்டை இறுக்கி, கடைக்குள்ளேயே நடங்க. அப்பவும் தோள் அழுத்தினா வேற ஃப்ரேம் கேளுங்க.