மனநல ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியதும் மாத்திரையை நிறுத்தலாமா? சொந்த ஊரிலேயே சிகிச்சை தொடர வழி இருக்கு!

ராமநாதபுரம்,

மனநல பாதிப்புக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆள் தெளிந்து வீடு திரும்பியதும், "அதான் நல்லாயிட்டாரே, இனிமே மாத்திரை எதுக்கு?" என்று பல குடும்பங்களில் நிறுத்தி விடுகிறார்கள். சில மாதங்களில் நோய் திரும்புகிறது. மறுபடியும் பஸ் செலவு, கூலி இழப்பு, ஊர் பேச்சு. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது, நோய் திரும்ப முக்கிய காரணங்களில் ஒன்று.

28 உயிர்களை பலி வாங்கிய தீ

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 6-8-2001 அன்று அதிகாலை தனியார் மனநல காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் உடல் கருகி பலியானார்கள். இதை சுப்ரீம் கோர்ட்டு தானாக முன்வந்து விசாரித்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. ஊருக்கு பக்கத்திலேயே டாக்டரும் மாத்திரையும் கிடைத்திருந்தால் பலர் சங்கிலிக்கு போயிருக்க மாட்டார்கள் என்பதே அந்த சோகம் சொன்ன பாடம்.

மாவட்ட மனநல திட்டம்

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794-ல் தொடங்கியது. தென்மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் அலைவதை தவிர்க்கத்தான் மாவட்ட மனநல திட்டம். கர்நாடக மாநிலம் பெல்லாரியில் நடத்திய சோதனை முயற்சியை வைத்து, 1996-ல் மத்திய அரசு இதை கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

மனநல டாக்டர், உளவியல் நிபுணர், சமூக பணியாளர், நர்சு ஆகியோர் குழுவாக, குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருவார்கள். மாத்திரை இலவசம். ஏர்வாடி தர்காவுக்கு வருபவர்களுக்கு பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க, அங்கேயும் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டப்படி:

* நோயாளியை சங்கிலியால் கட்டக்கூடாது.

* டிஸ்சார்ஜ் செய்யும் முன்பு, அடுத்து எங்கே, எப்படி சிகிச்சை என்பதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் டாக்டர் பேசி முடிவு செய்ய வேண்டும்.

* வீட்டில் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக்கூடாது.

* ரோட்டில் திரியும் மனநோயாளியை போலீசார் லாக்கப்பில் அடைக்கக்கூடாது. பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கேளுங்க

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையின் பெயர், அளவு, அடுத்து வர வேண்டிய தேதி ஆகியவை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "எங்க ஊருக்கு பக்கத்துல மனநல டாக்டர் எந்த கிழமை வருவாரு?" என்று கேட்டு குறித்துக் கொள்ளுங்கள். சீட்டை பத்திரமாக வைத்திருந்து, உள்ளூர் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை தீர்வதற்கு 1 வாரம் முன்பே போய் வாங்கி விடுங்கள். தூக்கம் கெடுவது, தனக்குத்தானே பேசுவது, சாப்பிட மறுப்பது போன்றவை திரும்பினால் காத்திருக்க வேண்டாம்.

அவசரத்துக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணை 24 மணி நேரமும் கூப்பிடலாம். 2022-ல் தொடங்கிய இந்த சேவையில் தமிழிலேயே பேசலாம்.