அடைபட்ட கடுவனும் அரை நூற்றாண்டுச் சச்சரவும்

எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக வளரும் சாம்பன் என்ற கடுவன் பூனை, சென்ற ஆண்டு மாசி மாதத்து இரவொன்றில் தனது மணற்தட்டுக்கும் கூடத்துக்குமாகப் பதினைந்து தடவைகளுக்கு மேல் நடந்தது. தட்டில் ஏறிக் குந்தும், முனகும், இறங்கிப் பின்னங்கால்களுக்கிடையே நக்கும், மீண்டும் ஏறும். "மலச்சிக்கலாக்கும். கொஞ்சம் நல்லெண்ணெய் பருக்கிப் பாருங்கோ" என்றார் மனைவி. பருக்கிவிட்டு நித்திரைக்குப் போய்விட்டோம். விடிந்ததும் மணலைக் கிளறிப் பார்த்தபோது ஒரு சொட்டு ஈரமும் இல்லை. பூனை அலுமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

மிருக வைத்தியர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தோடம்பழம் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தாற்போல் இறுகிப் போயிருந்தது சிறுநீர்ப்பை. "கடுவன் குந்திக் குந்தி எழும்பினால் மலச்சிக்கலெண்டு நினைக்கப்படாது ஐயா. நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் நான் ஒண்டும் செய்திருக்கேலாது" என்றார்.

பெட்டைப் பூனைக்கு இந்த ஆபத்து மிக அரிது. அதன் சிறுநீர் வழி குட்டையானது, அகலமானது. கடுவனுக்கோ அது நீண்டு, நுனியை நெருங்க நெருங்க ஒடுங்கிவிடுகின்றது. அங்கே அடைப்பு ஏற்பட்டால் கழிவுகள் இரத்தத்திலேயே தேங்குகின்றன. அவற்றுள் கொல்வது பொற்றாசியம். அது கூடக்கூட இதயத் துடிப்பு மந்தமாகி, ஒழுங்கு குலைந்து, ஈற்றில் நின்றுவிடும். முழுமையாக அடைபட்ட பூனை சிகிச்சையின்றி மூன்று நான்கு நாட்களைத் தாண்டுவது கடினம்.

சாம்பனுக்குக் குழாய் செருகிச் சிகிச்சைக் கூடத்தில் வைத்திருந்த நாட்களில், எனக்கு வேறு வேலை ஓடவில்லை. செய்தியாளனின் பழக்கதோஷம், இந்த நோயின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். சிறு பிராணியொன்றின் சிறுநீர்க் குழாயைப் பற்றி அறிஞர்கள் இவ்வளவு காலம் சண்டையிட்டிருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பூனை நோய்கள் பற்றி ஹமில்டன் கேர்க் என்ற ஆங்கிலேய மிருக வைத்தியர் 1925 இல் ஒரு நூல் வெளியிட்டார். கடுவன்களின் சிறுநீர் அடைப்பு அதிலேயே பேசப்படுகின்றது. இதனை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் "எல்லாம் கடையில் விற்கும் உலர் உணவால் வந்த வினை" என்று இன்றும் சொல்வோர் உளர். கேர்க்கின் காலத்தில் இன்றைய உலர் உணவு இருக்கவில்லை, அடைப்பு இருந்தது.

ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பூனையின் வாழ்க்கை மாறியது உண்மையே. 1947 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வேர்ட் லோ, ஈரத்தை உறிஞ்சும் களிமண் பொடியைப் பூனைகளின் மலசலத் தட்டுக்கென விற்கத் தொடங்கினார். தோட்டத்தில் மண் கிளறிய பூனை வீட்டுக்குள் அடைபட்டது. அடுத்த இரு தசாப்தங்களில் உலர் உணவும் பரவியது. எலியின் உடலிலிருந்தே பெருமளவு நீரைப் பெற்று வந்த பிராணி பூனை. அதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் குறைவு, சிறுநீர் செறிவு கூட. அத்தகைய பிராணிக்குப் பத்து வீதமளவே நீருள்ள உணவு போடப்பட்டது.

1969 இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச், கதரின் பப்ரிகன்ற் ஆகிய இருவரும் இந்த அடைப்பு ஒரு பூனையிடமிருந்து இன்னொன்றுக்குக் கடத்தப்படக் கூடியது என்பதற்கான பரிசோதனைகளை வெளியிட்டனர். வைரஸ்தான் காரணம் என்பது பப்ரிகன்றின் வாதம். பின்வந்தோரின் ஆய்வுகள் அதற்கு உறுதியான ஆதரவு தரவில்லை. ஆனால் பூனை வைரஸ் தொற்றிய கலங்களில் கொலஸ்ரரோல் பளிங்குகள் தோன்றியதை அவர் கவனித்தார். அதைத் தொடர்ந்து சென்று, கோழிகளின் மாரெக் நோய் வைரஸால் இரத்தக் குழாய்கள் தடிப்படையும் என்று 1978 இல் காட்டினார். பூனையின் அடைப்பைத் தேடப் புறப்பட்டவர் இதயநோய் ஆய்வின் வாசலில் போய் நின்றது விந்தைதான்.

இதற்கிடையே 1970 இல் ஒஸ்பால்டிஸ்ரன், ரௌசிக் என்போர் 46 பூனைகளைப் பற்றி எழுதி, 'பூனையின் சிறுநீர்த் தொகுதி நோய்க்குறித் தொகுப்பு' என்று பெயரிட்டனர். பெயர் நிலைத்துவிட்டது; காரணம் மட்டும் தெரியவில்லை. பெயர் வைத்தால் விளங்கிவிட்டது என்ற மயக்கம் மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. எங்கள் தொழிலிலும் உண்டு. 1971 இல் வில்சனும் ஹரிசனும் ஓர் அறுவைச் சிகிச்சையை விபரித்தனர். ஒடுங்கிய நுனியை அகற்றி, அகன்ற பகுதியை வெளியே திறந்துவிடும் முறை அது. மீண்டும் மீண்டும் அடைபடும் கடுவன்களுக்கு இன்றும் அதுவே செய்யப்படுகின்றது. டென்மார்க்கில் வில்லபேர்க் 1975 முதல் நோயுற்ற பூனைகளை நலமான பூனைகளுடன் ஒப்பிட்டு, நலமடிக்கப்பட்டு, வீட்டுக்குள் சோம்பியிருந்து, உலர் உணவு தின்னும் பூனைக்கே ஆபத்து அதிகம் என்று கண்டார். அக்காலத்து எழுத்துக்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மனிதரின் நிதானமே.

சந்தை நிதானமாக இருக்கவில்லை. முதலில் உணவின் சாம்பற் சத்தைக் குற்றஞ்சாட்டினர். பின்னர், 1978 இல் வெளியான ஆய்வை அடுத்து, மகனீசியத்தை. அடைப்பில் காணப்பட்ட பளிங்கு மகனீசியம், அமோனியம், பொசுபேற்று மூன்றும் சேர்ந்த ஸ்ரூவைற். இப்பெயர் வந்த கதையும் சுவையானது. 1842 இல் ஹம்பேர்க் நகரைப் பெருந்தீ எரித்தது. எரிந்த சென். நிக்கலஸ் தேவாலயத்தைத் திரும்பக் கட்ட நிலத்தைத் தோண்டியபோது, பழைய எரு ஊறிய மண்ணில் பளிங்குகள் கிடைத்தன. உலெக்ஸ் என்ற இரசாயனவியலாளர் ருஷிய இராஜதந்திரி வொன் ஸ்ரூவவின் பெயரை அவற்றுக்கு இட்டார்.

1980 களில் சிறுநீரை அமிலமாக்கினால் ஸ்ரூவைற் கரையும் என்று தெளிவாயிற்று. உணவு நிறுவனங்கள் மகனீசியத்தைக் குறைத்தன, அமிலத்தைக் கூட்டின. ஸ்ரூவைற் குறைந்தது. ஆனால் 1981 இல் கார்ல் ஒஸ்போர்ண் தொடங்கிய மினசோட்டாப் பல்கலைக்கழகச் சிறுநீர்க்கல் நிலையத்தின் பதிவேடுகளில் வேறொன்று தெரிந்தது. ஆரம்பத்தில் அங்கு வந்த பூனைக் கற்களில் முக்காற்பங்குக்கு மேல் ஸ்ரூவைற். கல்சியம் ஒக்சலேற்று மிகச் சொற்பம். 1990 களில் ஒக்சலேற்று முந்திவிட்டது. உணவு மாற்றத்தால் அதைக் கரைக்கவும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், குழாயை அடைப்பது பெரும்பாலும் கல்லே அன்று. புரதக் குழம்பில் பளிங்குத் துகள்கள் சிக்கிய, பற்பசை போன்ற ஒரு பதார்த்தம். சில பூனைகளில் அதுவும் இல்லை. வீக்கமும் தசைப்பிடிப்பும் மட்டுமே. இந்த இடத்தில்தான் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பபிங்ரன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். சிறுநீர்ப்பையை விட்டுவிட்டு முழுப் பூனையையும் பார்ப்போம் என்றார். 2011 இல் வெளியான ஆய்வொன்றில் அவரது குழுவினர் 32 பூனைகளை 77 வாரங்கள் அவதானித்தனர். பராமரிப்பாளர் மாறுவது, உணவு நேரம் பிந்துவது போன்ற சிறு குழப்பங்களிலேயே, நோயில்லாத பூனைகளும் வாந்தியெடுத்தன; தட்டுக்கு வெளியே கழித்தன. பல உறுப்புகளைத் தொடும் இந்நிலைக்கு அதே ஆண்டில் அவர் இட்ட பெயர் 'பண்டோரா நோய்க்குறி'.

அதே பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் கூப்பர் 2010 இல் வெளியிட்ட சிறு ஆய்வு என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. வழமையான சிகிச்சைக்கு வீட்டாரிடம் பணம் இல்லாத, நிலை மிக மோசமாகாத 15 கடுவன்கள். இல்லையெனில் கருணைக் கொலைதான். குழாய் செருகாமல், வலிநீக்கியும் அமைதியூட்டும் மருந்தும் கொடுத்து, தேவைப்பட்டபோது ஊசியால் சிறுநீர்ப்பையை வடித்து, இருண்ட அமைதியான இடத்தில் விட்டார்கள். 11 பூனைகள் தாமாகவே சிறுநீர் கழித்தன.

நான்காம் நாள் சாம்பன் வீடு வந்தது. அடைபடுவதற்கு முந்திய வாரம் முழுவதும் பக்கத்து வளவில் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மனைவிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது இரண்டு அறைகளில் இரண்டு மணற்தட்டுகள், ஈர உணவு, அலுமாரிக்குப் பின்னால் ஒரு பழைய சாரம் விரித்த பெட்டி. நல்லெண்ணெய்ப் போத்தல் குசினிக்கே திரும்பிவிட்டது. காலையில் மணலைக் கிளறி ஈரக் கட்டிகளை எண்ணிய பிறகே நான் பத்திரிகையைக் கையிலெடுக்கிறேன். இன்று மூன்று.