இரு நாடுகள், ஒரே எண்

அயர்லாந்தில் 2001ஆம் ஆண்டு 21.9 விழுக்காட்டினர் வறியோர். இந்தியாவில் 2011-12இல் வறியோர் அதே 21.9 விழுக்காட்டினர். இரண்டும் முறையான கணக்கெடுப்புகளிலிருந்து பெறப்பட்ட எண்களே. ஆயினும் அவற்றை ஓர் அட்டவணையில் அடுத்தடுத்து வைப்பது முழத்தையும் படியையும் ஒப்பிடுவதாகும்.

இந்திய எண் டெண்டுல்கர் குழுவின் முறைப்படி அமைந்தது. சிற்றூரில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரில் 1000 ரூபாய் என்னும் நுகர்வுச் செலவே அதன் கோடு. விலைவாசி ஏறினால் அது திருத்தப்படும். அண்டை வீட்டார் செல்வம் சேர்த்தால் நகராது. அயர்லாந்தின் கோடோ அந்நாட்டு இடைநிலை வருமானத்தில் 60 விழுக்காடு. நாடு உயர்ந்தால் அதுவும் உயரும்.

இந்த நகரும் கோட்டுக்கு நீண்ட பின்னணி உண்டு. 1901இல் யார்க் நகர வறுமையைப் பற்றிய நூலை வெளியிட்ட ரௌன்ட்ரீ, உடல் திறனைக் காக்கத் தேவையான உணவு, உடை, வாடகை ஆகியவற்றைக் கொண்டே கோடு வரைந்தார். 1979இல் பீட்டர் டவுன்சென்ட், தாம் வாழும் சமூகத்தின் வழக்கமான வாழ்க்கையில் பங்கேற்க இயலாமையே வறுமை என வாதிட்டார். அதற்கு முன்பே, 1975இல், ஐரோப்பியச் சமூகம் ஏறத்தாழ இதே பொருளில் வறியோரை வரையறுத்திருந்தது. 2001இல் 60 விழுக்காட்டுக் கோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது அளவீடானபோது, அதன் கீழுள்ளோர் 'வறுமை இடருக்கு உட்பட்டோர்' எனக் குறிக்கப்பட்டனர். செய்தித் தலைப்புகளில் 'இடர்' என்ற சொல் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது.

அயர்லாந்தில் 1994இல் இவ்விகிதம் 15.6. பின்னர் 'கெல்டியப் புலி' எனப்பட்ட வளர்ச்சி வந்தது. வேலையின்மை பெரிதும் குறைந்தது. ஊதியங்கள் விரைந்து ஏறின. ஓய்வூதியமும் உதவித்தொகையும் ஏறினவெனினும் ஊதியத்தின் வேகத்தில் ஏறவில்லை. முதியோர் பலர் முன்னைவிடக் கூடுதலாகப் பெற்றும் கோட்டுக்குக் கீழே சென்றனர். அதே காலத்தில், குறைந்த வருமானத்தோடு கதகதப்பான மேலங்கி, இரண்டு இணை உறுதியான காலணிகள் போன்ற அடிப்படைப் பொருள்களும் இல்லாதோரைக் கணக்கிடும் மற்றோர் அளவீடு சரிந்தது. இரண்டில் எது பொய் என்ற கேள்விக்கே இடமில்லை. ஒன்று இடைவெளியை அளந்தது, மற்றது இல்லாமையையும் சேர்த்து அளந்தது.

2009இல் காட்சி தலைகீழானது. நிதி நெருக்கடியில் இடைநிலை வருமானம் வீழ, கோடும் இறங்கியது. அடிப்படைப் பொருளற்றோர் பெருகினர். ஒப்பீட்டு வறுமை விகிதமோ 14 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. இறங்கிய கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர், ஒரு காசும் கூடுதலாகப் பெறாமலே வறியோர் கணக்கிலிருந்து நீங்கினார்.