பேட்டையில் வாங்கிய பட்டு

சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூரில் குடியேறிய புதிதில், ஊரிலிருந்த அன்னையாருக்கென்று சிக்கப்பேட்டை நடைபாதையில் ஒரு புடவை வாங்கினோம். விற்றவர் நம்மைக் கண்டதும் தமிழில் பேசலானார். “நம்ம ஊர்க்காரர் என்பதால் இரண்டாயிரம், அசல் மைசூர்ப் பட்டு” என்றார். அயலூரில் தாய்மொழி செவியில் விழுந்த இன்பத்தில் நாம் பேரமும் பேசவில்லை; இரசீதும் கேட்கவில்லை.

மறுநாள் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதற்காக ஒரு கன்னடப் பெரியவரிடம் அதைக் கொடுத்தோம். அவர் நூலொன்றை உருவித் தீயில் காட்டினார். பட்டு எனில் மெல்லப் பொசுங்கி, மயிர் கருகும் நாற்றம் வீசும். இதுவோ காகிதம்போல் குப்பென எரிந்து வெண்சாம்பலாயிற்று. “இது பட்டு அல்ல, ரேயான்” என்றார் அவர்.

இவ்வேமாற்றத்திற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1537-ஆம் ஆண்டில் கெம்பேகௌடர் அமைத்த இந்நகரின் பேட்டைகளில், தெருவின் பெயரே சரக்கின் பெயராக விளங்கிற்று. அக்கிப்பேட்டையில் அரிசி, அரளேப்பேட்டையில் பருத்தி, பளேப்பேட்டையில் வளையல். மைசூர் நாட்டில் பட்டுத்தொழிலைத் திப்பு சுல்தான் வளர்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் பட்டுப்பண்ணை கண்டார். 1912-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் அரசு நெசவாலை எழுந்தது. இவ்வாறு பல தலைமுறைகளின் உழைப்பால் ‘மைசூர்ப் பட்டு’ என்னும் பெயர் மதிப்புப் பெற்றது. மதிப்புள்ள பெயரைத்தானே திருடத் தோன்றும்!

1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஷார்தொன்னே என்னும் பிரெஞ்சுக்காரர் செயற்கைப் பட்டைக் காட்சிக்கு வைத்தார். மரக்கூழிலிருந்து இழை எடுக்கும் முறை பின்னர் இங்கிலாந்தில் தோன்றியது. நெடுநாள் ‘செயற்கைப் பட்டு’ என்றே வழங்கிய அவ்விழைக்கு, 1924-இல் அமெரிக்க வணிகர் ‘ரேயான்’ என்று தனிப்பெயர் சூட்டினர். பிறர் பெயரில் வாழ்ந்த துணி தன் பெயரில் வாழத் தொடங்கிய நாள் அது.

பாரிஸ் கண்காட்சி நடந்த அதே 1889-இல் நம் நாட்டில் வணிகக் குறிகள் சட்டம் இயற்றப்பட்டது. பொய்யான வணிக விவரத்தோடு பண்டம் விற்பதை அது குற்றமாக்கிற்று. தாழ்ந்த சரக்கை உயர்ந்ததென விற்போருக்கு அர்த்தசாஸ்திரமும் தண்டம் விதிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடுக்காமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அன்று முதல் இன்றுவரை அறம் சொல்வது ஒன்றே: ரேயான் விற்பது குற்றமன்று, அதைப் பட்டென்று விற்பதே குற்றம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் ‘சில்க் மார்க்’ முத்திரையைக் கொணர்ந்ததும் பெயரும் பொருளும் ஒன்றாயிருக்கவே.

நமக்குச் சினம் எழாமல் இல்லை. “இந்த ஊரே இப்படித்தான்” என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அதை ஒப்ப மனம் வரவில்லை. ஏமாற்றிய குரல் தமிழ். உண்மை உரைத்த குரல் கன்னடம். மொழியைப் பார்த்து மனிதரை எடை போட்டது நம் பிழையன்றோ?

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. பட்டென்றே சொல்லி அன்னையாரிடம் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினோம். அப்படிச் செய்திருந்தால், அந்நடைபாதை வணிகருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? நடந்ததை நடந்தவாறே சொல்லிக் கொடுத்தோம். அன்னையார் சிரித்தார். “துணி நல்ல துணிதான், வெயிலுக்கு இதமாக இருக்கிறது” என்று உடுத்திக்கொண்டார். அன்றே நம் மனமும் ஆறியது.

போன பணம் போனதுதான். ஆனால் அந்தப் புடவை இன்று நம் வீட்டில் தன் சொந்தப் பெயரிலேயே வழங்கி வருகிறது.