இரைப்பையில் பட்டி போட்ட பின்: உண்பதும் வாழ்வதும்

ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் யாராவது ஒருவர் வீட்டில் நாங்கள் கூடுவோம். மீன் சந்தையில் வாங்கிய வௌவால் மீன் குழம்பில் கிடக்கும். சோறு ஆவி பறக்கும். "இன்னும் ஒரு அகப்பை போடுங்கோ" என்று வீட்டுக்காரர் வற்புறுத்தாவிட்டால் அது விருந்தே இல்லை. அந்தப் பந்தியில் ஒருவர் மட்டும் தேநீர்த் தட்டில் நாலு கரண்டி உணவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் மென்றுகொண்டிருந்தால் கேள்விகள் வரும். "என்ன, சுகமில்லையோ? சமையல் பிடிக்கேல்லையோ?"

இரைப்பையில் பட்டி போட்டவர்களுக்காகவும், அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். எங்கள் வீட்டிலும் பட்டி போட்டவர் உண்டு. நாங்கள் வைத்தியர்கள் அல்ல. வைத்தியர் சொன்னதையும், வருடக்கணக்கில் பட்டு அறிந்ததையும் ஒழுங்குபடுத்தித் தருகிறோம். உங்கள் வைத்தியர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

பட்டி என்றால் என்ன?

உலகில் உடற்பருமன் மிகக் கூடிய நாடுகளில் குவைத்தும் ஒன்று. குளிரூட்டிய அறையில் இருந்து வேலை செய்து, காரில் வீடு வந்து, இரவு பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடும் வாழ்க்கை எங்களையும் விட்டுவைக்கவில்லை. போதாததற்கு, தெற்காசிய உடம்புக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23, 27.5 ஆகிய எல்லைகளைக் கவனிக்கச் சொல்கிறது.

பட்டி என்பது இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் போடப்படும் சிலிக்கன் வளையம். உள்பக்கத்தில் ஒரு சிறு பலூன் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலின் கீழே பதித்த ஒரு சிறு குமிழுக்கு வரும். அந்தக் குமிழில் ஊசி குத்தி உப்புநீரை ஏற்றினால் பட்டி இறுகும், எடுத்தால் தளரும். பட்டிக்கு மேலே சுமார் 15 முதல் 30 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு பை உருவாகிறது. உணவு அதில் நின்று மெதுவாகக் கீழே இறங்கும். கொஞ்சம் சாப்பிட்டதும் பசி அடங்குவது இதனால்தான். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலை மாற்றி இணைப்பதும் இல்லை.

இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பட்டியை 1986இல் அமெரிக்காவில் முதலில் பொருத்தியவர் உக்ரேனிய வம்சாவளியைச் சேர்ந்த லூபோமிர் குஸ்மாக். எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் சத்திரசிகிச்சை நிபுணரான மித்திக்கு பெலாச்சூ, 1993இல் வயிற்றைப் பெரிதாக வெட்டாமல் சிறு துளைகள் வழியாக அதைப் பொருத்திக் காட்டினார். இருவரும் எங்களைப்போல் பிறந்த நாட்டை விட்டுப் போனவர்கள். 2001இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்த பின் பட்டி அமெரிக்காவிலும் பரவியது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்ரியும் 2013இல் போட்டுக்கொண்டார்.

பலன் இருந்தது உண்மை. 2008இல் அவுஸ்திரேலியாவில் நீரிழிவு தொடங்கி அதிக காலமாகாத 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பட்டி போட்டவர்களில் 73 வீதமானோருக்கு இரண்டு வருடத்தில் நீரிழிவு தணிந்தது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 13 வீதம். ஆனால் காலம் போகப்போகப் பட்டி நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்தல், நெஞ்செரிவு போன்ற சிக்கல்களால் கணிசமானோர் அதைக் கழற்ற நேர்ந்தது. எடை குறைவதும் மற்றைய முறைகளை விடக் குறைவு. எனவே இன்று வளைகுடாவில் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி அகற்றும் முறையே பெரிதும் செய்யப்படுகிறது. புதிதாக யோசிப்பவர்கள் எல்லா முறைகளையும் ஒப்பிட்டுக் கேட்டறிய வேண்டும். ஆனால் முன்னர் போட்டவர்கள் பலர் இன்னும் பட்டியோடுதான் வாழ்கிறோம்.

முதல் ஆறு வாரம்

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும்: வடித்த சூப், கஞ்சித் தண்ணீர், கொழுப்பு நீக்கிய பால், மோர். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு: பருப்பை நன்றாக அவித்துக் கடைந்தது, மீனை முள்ளெடுத்து மசித்தது, தயிர். ஐந்தாம் ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு. அதன் பிறகே திட உணவு.

இந்த ஒழுங்கு பட்டி அதன் இடத்தில் ஊன்றுவதற்காக. பசிக்கிறது என்று அவசரப்பட்டுச் சோறு தின்று வாந்தி எடுத்தால் பட்டி நழுவக்கூடும். இந்தக் காலத்தில் பட்டி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும், ஆதலால் பசி திரும்ப வரும். "சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது" என்று பயப்படத் தேவையில்லை.

இறுக்குவதும் தளர்த்துவதும்

முதல் தடவை உப்புநீர் ஏற்றுவது பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் கழித்து. பிறகு ஒருவருடைய பசி, எடை, விழுங்கும் நிலை ஆகியவற்றைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றிய பின் ஓரிரு நாள் திரவ உணவுக்குப் போய், படிப்படியாகத் திரும்ப வேண்டும்.

அளவு சரியென்றால் அரைக் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை உணவில் பசி அடங்கி, சில மணி நேரம் தாங்கும். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறையும். தளர்வாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். மிக இறுக்கமாக இருந்தால் இரவில் இருமல் வரும், புளித்த நீர் தொண்டைக்கு ஏறும், திட உணவு இறங்காது.

பலர் ஏமாறுவது இங்கேதான். இறுக்கினால் இன்னும் குறையும் என்று கேட்டு இறுக்குவிக்கிறார்கள். மீனும் மரக்கறியும் இறங்காமல் போக, இறங்குகிற ஐஸ்கிரீமுக்கும் பாயாசத்துக்கும் மாறுகிறார்கள். கடைசியில் எடை கூடுகிறது. பட்டி திடப்பொருளைத்தான் மறிக்கும். சீனி போட்ட பால் தேநீர், குளிர்பானம், உருகிய சொக்லேற் எல்லாம் அதைத் தாண்டி ஓடிவிடும்.

எங்கள் சாப்பாட்டில் எது இறங்கும்?

வைத்தியசாலையில் தரும் உணவுத்தாளில் புட்டும் இடியப்பமும் இருப்பதில்லை. எங்கள் அனுபவத்தில் கண்டது இது.

பாண்: மென்றதும் களியாகிப் பந்துபோல் அடைக்கும். வாட்டி மொறுமொறுப்பாக்கினால் ஓரளவு பரவாயில்லை. அரபு குபூஸ் ரொட்டியும் இதே வகை.

சோறு: ஒட்டிக்கொண்டு திரளும். பலருக்கு இறங்காது. குழைத்த சோறு இரண்டு கரண்டி போதும்.

புட்டு: உதிரியாக, உலர்வாக இருப்பதால் சிக்கும். சொதி விட்டு ஊறவைத்து, சிறு கரண்டியால் சாப்பிடலாம்.

இடியப்பம்: நூல் நூலாகச் சிக்குப்படும். பொடியாகப் பிய்க்க வேண்டும்.

ஆட்டிறைச்சி, கணவாய்: நார், றப்பர்த்தன்மை. முதல் வருடம் தவிர்ப்பது நல்லது. கோழி என்றால் குழம்பில் நன்றாக வெந்தது.

முருங்கைக்காய், தோடம்பழத்தின் தோல்: சக்கையை விழுங்கக்கூடாது. முருங்கைக்காயின் உள்சதையை மட்டும் வழித்து எடுக்கலாம்.

எளிதாக இறங்குபவை: அவித்த மீன், மீன் சொதி, கடைந்த கீரை, பருப்பு, தயிர், நன்கு மென்ற முட்டை.

எதைச் சாப்பிட்டாலும் புரதம் முதலில், மரக்கறி அடுத்து, சோறு கடைசியில். நாளொன்றுக்கு 60 கிராம் அளவு புரதம் வேண்டும் என்பது வழமையான ஆலோசனை. தேக்கரண்டியால் எடுத்து, ஒவ்வொரு வாயையும் இருபது தடவைக்குக் குறையாமல் மென்று, விழுங்கியபின் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். கையால் குழைத்து உருண்டை பிடித்துச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். கவளம் எப்போதும் பெரிதாகிவிடும்.

உணவு சிக்கிக்கொண்டால் நெஞ்சு அடைக்கும், வாயில் நுரைபோல் உமிழ்நீர் ஊறும். உடனே நிறுத்தி, எழுந்து மெதுவாக நடக்க வேண்டும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்கக்கூடாது. அது மேலும் நிரப்பும். அன்று முழுவதும் திரவ உணவோடு இருந்து பட்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

தண்ணீர், வெயில், நோன்புக் காலம், மருந்து

சாப்பிடும்போதும் அதன்பின் அரைமணி நேரமும் குடிக்கக்கூடாது. மற்ற நேரங்களில் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் போத்தலை முடிக்க முடியாது, மிடறு மிடறாகத்தான் போகும். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட வெயிலில் தாகம் வந்தபின் குடிக்கலாம் என்று இருந்தால் பிந்திவிடும். காலை எழுந்ததிலிருந்தே போத்தல் கையில் இருக்கட்டும். வாயு நிறைந்த குளிர்பானம் வேண்டாம்.

ரமழான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் குவைத்தில் எல்லா மதத்தவர்க்கும் சட்டப்படி குற்றம். வேலைத்தலத்தில் மறைவான இடம் ஒன்றை முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். நோன்பு நோற்பவர்கள் வைத்தியரிடம் கேட்டபின் நோற்பதே நல்லது.

நீரிழிவு, குருதி அழுத்த மருந்துகளின் அளவை எடை குறையக் குறைய மாற்ற வேண்டும். பழைய அளவையே போட்டால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம். பெரிய குளிசைகள் சிக்கும். ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகளை உடைக்கக்கூடாது. மருந்தாளரிடம் கேளுங்கள். முதுகுவலிக்கு நாங்கள் சாதாரணமாகப் போடும் இபுப்ரோஃபென், டைக்குளோஃபினாக் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும். பட்டி குடலை மாற்றாததால் சத்து உறிஞ்சப்படுவது குறையாது. உண்ணும் அளவு குறைவதால் உயிர்ச்சத்துக் குளிசை தேவைப்படும். இவ்வளவு வெயில் இருந்தும் வளைகுடாவில் உயிர்ச்சத்து டி குறைபாடு சாதாரணம். குருதிப் பரிசோதனையில் அதையும் பாருங்கள்.

எடை குறையும்போது பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும். முதல் ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போடும்படி சொல்வார்கள். கருத்தரித்தால் பட்டியைத் தளர்த்த வேண்டி வரலாம்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

உமிழ்நீர்கூட விழுங்க முடியாமை, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் வாந்தி, கடும் வயிற்றுவலி, குமிழ் இருக்கும் இடம் சிவந்து வீங்குதல், இருந்த கட்டுப்பாடு திடீரென இல்லாமல் போதல், இரவு இருமல். இவற்றில் முதல் மூன்றுக்கும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நீடித்த வாந்தியால் உயிர்ச்சத்து பி1 வற்றி நரம்புகள் பாதிக்கப்படலாம். பட்டி இருப்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

வேலை முடிந்தால் பட்டி என்ன செய்யும்?

கணக்குப் பார்க்கிற கண்ணுக்கு இது முதலில் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. சத்திரசிகிச்சைக்குக் கொடுத்தது கொள்விலை மட்டுமே. பராமரிப்புச் செலவு பட்டி உள்ளே இருக்கும்வரை தொடரும். ஆனால் எங்கள் வதிவிட அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாடு மாறவேண்டும். பட்டி எங்களோடு வரும், அதை இறுக்கித் தளர்த்தத் தெரிந்த வைத்தியர் வரமாட்டார்.

எங்கள் வீட்டில் அது நடந்தது. ஒப்பந்தம் முடிந்து, திருச்சியில் இருக்கும் உறவினரிடம் மூன்று மாதம் நின்றோம். இரவிரவாக இருமல், படுக்க முடியவில்லை. விழுங்கியதெல்லாம் திரும்ப வந்தது. குமிழில் ஊசி குத்தத் தெரிந்தவரைத் தேடி இரவோடிரவாகச் சென்னைக்குக் காரில் போனோம். கையில் இருந்த கடிதத்தில் "பட்டி பொருத்தப்பட்டது" என்று ஒரு வரிதான். எந்த வகை, எவ்வளவு நீர் ஏற்றியிருக்கிறது என்று எதுவும் இல்லை. வைத்தியர் முழுவதையும் எடுத்துவிட்டார். அன்றிரவு நித்திரை வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ திரும்ப ஏறியது.

ஆகவே வேலை இருக்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்கி, ஒரு பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்: பட்டியின் வகையும் இலக்கமும், பொருத்திய திகதி, கடைசியாக ஏற்றிய நீரின் அளவு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஏற்றினார்கள் என்ற பதிவு, சத்திரசிகிச்சை அறிக்கை. நீண்ட பயணத்துக்கு முன் கொஞ்சம் தளர்த்துவது நல்லதா என்று கேளுங்கள். போகும் ஊரில் பட்டியைக் கையாளும் வைத்தியசாலை எது என்று புறப்படுமுன் விசாரியுங்கள். காந்த ஸ்கான் எடுக்க நேர்ந்தால் பட்டி உண்டென்று முன்பே அறிவியுங்கள்.

கோப்பையில் மிச்சம்

கடைசியாக, எந்த உணவுத்தாளிலும் இல்லாத ஒன்று. நாங்கள் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள். கஞ்சிக்குக் கோப்பை நீட்டியவர்களின் உறவினர். சோற்றைக் கொட்டுவது பாவம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பட்டி போட்டவருக்கோ நிரம்பியதும் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தாலும் நிறுத்த வேண்டும். முதல் வருடம் எங்கள் வீட்டில் வந்த வாந்திகளில் பாதி, கடைசி ஒரு வாயை எறிய மனம் வராமல் தின்றதால் வந்தவை.

வழி எளிது. குறைவாகப் போடுங்கள். மிச்சம் வராது, பாவமும் இல்லை. வெள்ளிக்கிழமை விருந்தில் எங்கள் கோப்பையில் இரண்டு கரண்டிதான் இருக்கிறது என்றால், அகப்பையோடு வராதீர்கள். பக்கத்தில் வந்து இருங்கள். நாங்கள் மென்று முடிக்க அரைமணி நேரம் ஆகும். கதைக்க அது போதும்.