மாயர் நெசவில் வடிவமும் வண்ணமும்

எழுத்தாவணங்களை மட்டுமே வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் துணியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் குவாத்தமாலாவிலும் தென் மெக்சிக்கோவிலும் வாழும் மாயர் பெண்களின் கைத்தறி ஆடை, அம்மக்களின் வரலாற்றைத் தாங்கிநிற்கும் ஆவணமாகவே கொள்ளத்தக்கது.

ஈரமிக்க அந்நிலத்திற் பழந்துணிகள் பெரும்பாலும் அழிந்துபட்டன. எனவே அவற்றின் சாயலைச் சிற்பங்களிலும் சுவரோவியங்களிலுமே தேடவேண்டியுள்ளது. யாச்சிலான் நகரிற் கிடைத்து, இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ள வாயில் மேற்கற் சிற்பமொன்று கி.பி. 709இல் நிகழ்ந்த சடங்கைக் காட்டுகிறது. அதில் அரசி கபால் சோக் அணிந்துள்ள 'உவிப்பில்' என்னும் மேலாடையிற் சாய்சதுர வடிவங்கள் நிறைந்துள்ளன. சியாப்பாஸ் மேட்டுநிலப் பெண்கள் இன்றும் சாய்சதுரத்தை நெய்கின்றனர். அது நாற்றிசை உலகையும் ஞாயிற்றின் செலவையும் குறிப்பதென ஆய்வாளர் சிலர் விளக்குவர்.

இத்தொடர்ச்சியைக் கொண்டு மாயர் நெசவு மாற்றமற்றது எனல் பொருந்தாது. தறியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை வாரினால் தன் இடுப்பிலும் பிணித்து, பாவினூடே மேலதிக நிறநூல்களைச் செலுத்தி உருவம் எழுப்பும் முறை பழையதே. நூலும் நிறமும் அவ்வாறல்ல. அவுரியின் நீலம், கள்ளிப்பூச்சியின் செம்மை, கடல்நத்தையின் ஊதா, இயற்கையிலேயே பழுப்பான பருத்தி என்பன முன்னர் வழங்கின. 1524இல் ஸ்பானியர் குவாத்தமாலாவினுட் படையெடுத்தபின் ஆட்டுக் கம்பளியும் பட்டும் வந்து சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செயற்கைச் சாயங்கள் பரவின. சிச்சிக்கஸ்தெனாங்கோ ஆடைகளிற் காணும் இருதலைப் பறவை, ஸ்பானிய மன்னரின் சின்னமா, மாயரின் பழம் படிமமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடுண்டு. புதியன எவையாயினும் நெய்பவள் அவற்றைத் தன் மரபாக்கினாள் என்பதே முக்கியமாகும்.

ஊருக்கு ஊர் வேறுபட்ட வடிவமும் வண்ணமும் உடுத்தவரின் பிறப்பிடத்தை அறிவித்தன. குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போரில் (1960 - 1996) அவ்வறிவிப்பே ஆபத்தாயிற்று. கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் 200,000 பேருக்கு மேல் என ஐக்கிய நாடுகளின் ஆதரவுடன் அமைந்த உண்மை அறியும் ஆணைக்குழு 1999இல் மதிப்பிட்டது. அடையாளங் காணப்பட்டவர்களில் 83 சதவீதத்தினர் மாயர். ஊரைவிட்டு ஓடிய பெண்கள் பலர் உயிர் காக்கத் தம் உவிப்பிலைக் களைந்து, பிறர் உடையை அணிந்தனர்.

போர் ஓய்ந்தபின் அதே வடிவங்களைப் பிறர் வணிகப் பொருளாக்கினர். நெசவுப் பெண்கள் நீதிமன்றை நாடினர். அவர்களின் கூட்டுப் படைப்புரிமையைக் காக்கச் சட்டமியற்றுமாறு அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இல் சட்டமன்றத்தை வலியுறுத்தியது. அழகுக்கெனப் பிறர் கருதிய வடிவம் ஒரு மக்களின் பெயராகும். அதை அணிந்ததற்காக அஞ்சியவர்களே இன்று அதன் உரிமையைக் கோரி நிற்கின்றனர்.